முழந்தாள் சாட்சி

அத்தியாயம் 14

போன கிழமை சட்டத்தரணி சவுந்தரநாயகத்தை வாய்க்குள் பிட்டோடு விட்டுவிட்டு வந்தோம். பிட்டை மனிதர் இந்நேரம் விழுங்கியிருப்பார். மனைவி பிறிஜெற் சாப்பாட்டு மேசையில் சொன்ன செய்திதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

செய்தி சின்னதுதான். “இண்டைக்குக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில்ல, அந்த மெற்றில்டாப் பிள்ளை வாசல்ல இருந்து பீடம் மட்டும் முழந்தாள்ல போனது. லொறி அடிச்ச காலோட.”

சவுந்தரநாயகம் அதற்குமேல் கேட்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு, தொலைபேசியோடு பல்கனிக்குப் போய்விட்டார்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். சவுந்தரநாயகம் காப்புறுதிக் கம்பனிகளின் சட்டத்தரணி. லொறி யாரையாவது இடித்தால் அவர் இடிபட்ட ஆளுக்காக எழுந்து நிற்பதில்லை. லொறியைக் காப்புறுதி செய்த கம்பனிக்காக எழுந்து நிற்பார். கொழும்பில் உடைந்த கைகால்களும் விலா எலும்புகளும் அவருக்கு முன்னால் வந்து, தாங்கள் அவ்வளவு மோசமாக உடையவில்லை என்று நிரூபிக்கப்பட்டுத் திரும்பிப் போயிருக்கின்றன. புதுக்கடை நீதிமன்ற வளவில் அவருக்கு எலும்புநாயகம் என்று பெயர். அது அவருக்குத் தெரியாது.

வெல்வதைவிட, வழக்கை முடியவிடாமல் வைத்திருப்பதில்தான் அவருக்குக் கெட்டித்தனம் அதிகம். வைத்தியர் வெளிநாட்டில், பொறியியலாளர் படுக்கையில், தனக்கே நெஞ்சில் சளி என்று வழக்கை ஒத்திவைப்பித்து, ஒவ்வொரு தவணையாக வாங்கி வாங்கியே கோப்புகளை நரைக்க வைத்துவிடுவார். மூத்த சட்டத்தரணிகளுக்குக் கொடுக்கும் சனாதிபதி சட்டத்தரணிப் பட்டம் இந்த வருசம் கிடைத்துவிடும் என்று யாரோ காதில் போட்டதிலிருந்து, வாசலில் மாட்டியிருக்கும் பித்தளைப் பலகையைக்கூட, பெயருக்குப் பின்னால் கொஞ்சம் இடம்விட்டுப் புதிதாக அடிப்பித்து வைத்திருக்கிறார்.

அவர் முடியவிடாமல் வைத்திருக்கும் வழக்குகளில் மெற்றில்டாவினுடையதும் ஒன்று. ஜம்பட்டா வீதியில் பின்பக்கமாக வந்த லொறி அவளுடைய வலது முழந்தாளை மதிலோடு வைத்து நசுக்கியது. கல்யாணச் சட்டை தைத்துச் சீவித்தவளுக்கு அன்றோடு மெஷின் மிதிக்கிற கால் போய்விட்டது. முழந்தாள் மடங்கவே மடங்காது என்பது அவள் வழக்கு. மடங்கும் என்பது கம்பனியின் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு ஒரு துரும்பும் கிடைக்காமல் இருந்த நேரத்தில்தான், பிட்டுக்கும் சம்பலுக்கும் நடுவில் பிறிஜெற் அந்தச் செய்தியைப் பரிமாறினாள்.

பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. சவுந்தரநாயகம் வழக்குப் பெயர்களை வீட்டில் வாய்திறந்து சொல்வதில்லை. கேட்டால் தொழில் தர்மம் என்பார்.

*

புதன்கிழமை காலை வெள்ளவத்தை வீட்டில் மூன்று பேரும் அவரவர் அவசரத்தில் இருந்தார்கள். கடற்காற்றில் துருப்பிடித்த யன்னல் கம்பிக்கு அருகில் நின்று சவுந்தரநாயகம் டை கட்டினார். பிறிஜெற் நல்ல நீலச் சேலை ஒன்றை எடுத்து உடுத்தியிருந்தாள்.

“நான் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒருக்காப் போகவேணும். பின்னேரம்தான் வருவன்,” என்றாள்.

“ஓம் ஓம்,” என்றார் அவர். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த அத்தியாயம் பாதியாகியிருக்கும்.

மகள் ஜெனிற்றா கோப்புகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினாள். சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்து, தகப்பனுக்கு உதவியாளாகச் சேர்ந்து அதிக காலமாகவில்லை. செவ்வாய் இரவு அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது தகப்பன் பல்கனியில் நின்றார். கம்பனியின் இழப்பீட்டு முகாமையாளர் நப்ரீஸோடு கதைத்துக்கொண்டிருந்தார். “முழந்தாளைப் பற்றி ஒரு சாமான் கையில வந்திருக்கு நப்ரீஸ், நாளைக்கு வந்து பாரும்” என்ற அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை அவள் கேட்டுவிட்டாள். சாமான் எங்கிருந்து வந்தது என்பதைக் குசினிக்குள் போய்த் தாயிடமிருந்து ஒரு வரியில் அறிந்துகொண்டாள். தாயிடம் ஒன்றும் சொல்லவில்லை.

கார் மரைன் டிரைவில் ஏறியதும் தொடங்கினாள்.

“அப்பா, அம்மா சொன்னதைக் கோர்ட்டில கேக்கப்போறியளோ?”

சவுந்தரநாயகம் தொண்டையைச் செருமினார். அவர் தொண்டையைச் செருமினால் ஒரு சொற்பொழிவு வருகிறது என்று அர்த்தம். கட்சிக்காரருக்குச் சட்டத்தரணியின் கடமை, தகவல் எந்த வழியால் வந்தாலும் உண்மை உண்மைதான் என்பது, உணர்ச்சிவசப்படுகிறவர்கள் இந்தத் தொழிலில் நோட்டரிகளாக முடிவது என்று கொள்ளுப்பிட்டி வரைக்கும் போனார். ஜெனிற்றா கடலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“முடிஞ்சுதோ?” என்றாள் பிறகு.

“முடிஞ்சுது.”

“அம்மா உங்களோட கதைச்சவ அப்பா. கம்பனியோட கதைக்கேல்ல.”

சவுந்தரநாயகம் எந்தச் சாட்சி என்ன சொன்னாலும் அடுத்த மூச்சில் ஒரு கேள்வி வைத்திருக்கிற மனிதர். இந்தமுறை அந்தக் கேள்வி, காலிமுகத்திடல் கடந்து, கோட்டை கடந்து, புதுக்கடை ஏற்றத்தில் வாகனங்களுக்குள் மாட்டுப்பட்டு நின்றபோது வந்தது. “கோப்பில பக்கங்களை ஒழுங்கா வச்சிருக்கிறியோ?” என்றார்.

அவர் கெட்ட மனிதரல்ல. மெற்றில்டாவின் எக்ஸ்ரேயை முதல்தரம் பார்த்த அன்று கம்பனிக்கு, சமரசமாகப் போகலாம், இந்தக் கால் உண்மையாகவே உடைந்த கால் என்று எழுதினார். கம்பனி விரும்பவில்லை. அதன்பிறகு தன் அபிப்பிராயத்தை மடித்து வைத்துவிட்டுத் தவணை கேட்கத் தொடங்கினார். மடித்து வைத்த அபிப்பிராயங்கள் அவரிடம் நிறைய உண்டு. வெளியில் எடுத்துப் பார்ப்பதில்லை.

*

நீதிமன்ற விறாந்தையில் நப்ரீஸ் காத்து நின்றார். இளம் வயது, இறுக்கமான கோட், எந்த நேரமும் ஓடப்போகிறவர் மாதிரியான சப்பாத்து.

“சேர், நான் ராவே எங்கட பெரியாக்களுக்குச் செல்லிட்டேன். எல்லாரும் பாத்துக்கொண்டு ஈக்கிறாங்க.”

சவுந்தரநாயகம் பல்கனியில் வாயை விட்டது பெருமைக்காக. பெருமை இரவோடு இரவாகப் பெரியாக்கள்வரை போய்விட்டது. இனிக் கேட்காமல் விட்டால், ஏன் கேட்கவில்லை என்று இவன் கேட்பான்.

“பாப்பம், பாப்பம்,” என்றார். சனாதிபதி சட்டத்தரணிகள் அப்படித்தான் சொல்வார்கள் என்று அவருக்கு ஒரு எண்ணம்.

வழக்கு எடுக்கப்பட்டது. மெற்றில்டா ஊன்றுகோலோடு சாட்சிக் கூண்டில் ஏறினாள். ஏறுவதற்கு எடுத்த நேரத்தில் நீதிபதி அம்மா ஒரு கோப்பில் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டார். மெற்றில்டாவின் சட்டத்தரணி செபஸ்தியன், கொட்டாஞ்சேனைக்காரர். கோட்டின் கை நுனி நூல் விட்டிருக்கும். காசு தரமுடியாத கட்சிக்காரர்களையே தேடிப்பிடிப்பவர் என்று பெயர் எடுத்தவர்.

இங்கே ஒரு வினோதத்தைச் சொல்லவேண்டும். கொழும்பில் வழக்கு நடப்பது சிங்களத்தில். ஆகவே யாழ்ப்பாணத்துத் தமிழரான சவுந்தரநாயகம் கேள்வியைச் சிங்களத்தில் கேட்பார். முதலியார் என்று அழைக்கப்படும் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழாக்குவார். கொட்டாஞ்சேனைத் தமிழச்சியான மெற்றில்டா தமிழில் பதில் சொல்வாள். அதை முதலியார் சிங்களமாக்க, தட்டச்சு எழுதும். இரண்டு பேருக்கும் இரண்டு மொழியும் நன்றாகத் தெரியும். ஆனாலும் காத்திருப்பார்கள்.

விபத்து நடந்த அன்றைய வெளிச்சம், மழை, வீதியின் அகலம் என்று சவுந்தரநாயகம் சுற்றி வந்தார். சுற்றிச் சுற்றி முழந்தாளுக்கு வந்தார்.

முழந்தாள் போடவே முடியாது என்று சத்தியம் செய்து சொன்னீர்கள் அல்லவா என்று கேட்டார்.

“ஏலாது ஐயா. மடக்கினா உயிர் போகும்.”

கதவு பூட்டியாயிற்று. இனி ஒரே ஒரு கேள்விதான். இப்படியான கட்டத்தில் சவுந்தரநாயகம் சாட்சியைப் பார்க்கமாட்டார். கோட்டின் இரண்டு விளிம்பையும் பிடித்துக்கொண்டு, பார்வையாளர் வாங்குப் பக்கம் மெதுவாகத் திரும்பி, ஒரு மூச்சு நிறுத்துவார். புதுக்கடையில் இளம் சட்டத்தரணிகள் இதைப் பழகிப் பார்ப்பதுண்டு.

திரும்பினார். இரண்டாவது வாங்கில், நீலச் சேலையில் பிறிஜெற் இருந்தாள்.

கல்யாணம் கட்டிய காலத்திலிருந்து அவள் இந்த வளவுக்குள் கால் வைத்ததில்லை. மெற்றில்டாவோடு அவளுக்கு, அந்தோனியார் கோயிலில் கிழமைக்கொருதரம் சந்திக்கிற வெறும் செவ்வாய்க்கிழமைச் சினேகம். எதிர்ப்பக்கத்து லோயரைப் பற்றி மெற்றில்டா கதைகதையாகச் சொல்லியிருக்கிறாள். பெயர் சொல்லமாட்டாள், ‘தவணைக்காரன்’ என்றுதான் சொல்வாள். அந்தத் தவணைக்காரனுக்கு நல்ல புத்தி வரட்டும் என்று பிறிஜெற் அந்தோனியாருக்கு எத்தனையோ மெழுகுதிரி கொளுத்திவிட்டாள். நேற்று மெற்றில்டா, அக்கா எனக்குப் பயமாக் கிடக்கு, பக்கத்தில வந்து இருங்கோ என்று கேட்க, ஓம் என்றாள்.

வந்து இருந்தாள். தவணைக்காரன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழும்பினபோது, அது தன் மனுசன் என்று கண்டாள். ஆகவே அவள் கண்டு நெடுநேரமாகிவிட்டது. இப்போதுதான் அவர் காண்கிறார்.

அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் சவுந்தரநாயகத்துக்குச் சுகமாக இருந்திருக்கும். கோபத்தை எதிர்கொள்ள அவருக்குத் தெரியும். அவள் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனுசன் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார் என்று நம்புகிற பார்வை.

முன்வரிசையில் நப்ரீஸ் பேனையைத் திறந்து வைத்திருந்தார்.

சவுந்தரநாயகம் கூண்டின் பக்கம் திரும்பினார். வாய் பழக்கப்பட்ட வாய். அது தன் வேலையைச் செய்தது. நேற்றுச் செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக் கோயிலில் வாசலிலிருந்து பீடம்வரை முழந்தாளில் போனீர்கள் என்று நான் சொல்கிறேன், என்றார் சிங்களத்தில்.

செபஸ்தியன் எழும்பினார். இதற்கு என்ன ஆதாரம் என்று அறிய விரும்பினார். நீதிபதி அம்மாவும் விரும்பினார்.

“பொறுப்பான ஓரிடத்திலிருந்து கிடைத்த தகவல்,” என்றார் சவுந்தரநாயகம். குரல் கம்பீரமாகத்தான் இருந்தது. பக்கத்தில் ஜெனிற்றா கையிலிருந்த பென்சிலை மேசையில் வைத்தாள்.

உங்கள் பொறுப்பில் கேளுங்கள் என்று அனுமதி வந்தது. முதலியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கேள்வியைத் தமிழாக்கத் தொடங்கினார். நிதானமான மனிதர். அந்த இடைவெளியில் கேள்வியைத் திருப்பி எடுத்துக்கொள்ள ஒரு மனிதனுக்குத் தாராளமாக நேரம் இருந்தது. சவுந்தரநாயகம் கோட் விளிம்பைப் பிடித்தபடி நின்றார்.

மெற்றில்டா ஒளிக்கவில்லை.

“ஓம். போனனான்.”

நப்ரீஸ் எழுதினார். இந்த இடத்தில் கதிரையில் இருந்துவிடவேண்டும். விரும்பின பதில் கிடைத்ததும் இருந்துவிடு என்பதுதான் அவர் மகளுக்குச் சொல்லிக்கொடுத்த முதலாவது பாடம். ஆனால் மனைவியின் பார்வை முதுகில் இருந்தது. தான் செய்தது சரி என்று அவளுக்கும் சேர்த்து நிரூபிக்கவேண்டிய அவசரம் அவருக்கு வந்துவிட்டது. அப்படியானால் ஏலாது என்று சொன்னது பொய்தானே என்று கேட்டார்.

மெற்றில்டா முதலியாருக்காகக் காத்திருக்கவில்லை.

“பொய் இல்லை ஐயா. என்னைக் கொண்டுபோனவை. ரெண்டு பேர் கமக்கட்டுக்குள்ள கை குடுத்துத் தூக்கினவை. முழந்தாள் நிலத்தில பட்ட இடத்தில எல்லாம் கத்தினனான். கோயில் முழுக்கத் திரும்பிப் பாத்தது.”

இவ்வளவு வேதனைப்பட்டு ஏன் செய்தீர்கள் என்று நீதிபதி அம்மாவே கேட்டார்.

“நேர்த்திக்கடன், அம்மா. இந்த வழக்கு முடியவேணும் எண்டு வச்சது. வெல்லவேணும் எண்டு கேக்கேல்ல, முடிஞ்சாப் போதும். முடிஞ்ச பிறகு செலுத்திறதுதான் முறை. ஆனா இது முடியிற மாதிரித் தெரியேல்ல. அதான் முன்னுக்கே செலுத்திட்டன்.”

முதலியார் இதைச் சிங்களமாக்கியபோது நீதிமன்றம் சிரித்தது. சவுந்தரநாயகத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இளம் சட்டத்தரணிகள்தான் கூடுதலாகச் சிரித்தார்கள். சவுந்தரநாயகம் தன் தண்ணீர்க் கிளாசைத் தேடினார்.

“தூக்கின ஆக்களில ஒரு அக்கா அந்தா இருக்கிறா,” என்று மெற்றில்டா கையை நீட்டினாள். “அவவிட்டக் கேளுங்கோ.”

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. பிட்டுக்கு நடுவில் வந்த செய்திக்கு ஒரு மிச்சப் பாதி இருந்திருக்கிறது. நானும் தூக்கினனான், பிள்ளை கத்தின கத்தல், என்ர சேலை முழுக்கக் கண்ணீர் என்று அவள் சொல்ல வந்திருப்பாள். அவர் பல்கனியில் நின்றிருக்கிறார்.

தன்னிடம் வேறு கேள்விகள் இல்லை என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார். செபஸ்தியன் உடனே எழும்பினார். அந்த அம்மாவை அடுத்த சாட்சியாக அழைக்க மன்று அனுமதி தரவேண்டும் என்றார்.

இதற்கு எதிராகச் சவுந்தரநாயகத்திடம் இரண்டு ஆட்சேபனைகள் தயாராக இருந்தன. நித்திரையில் தட்டிக் கேட்டாலும் சொல்வார். அவள் பெயர் சாட்சிகள் நிரலில் இல்லை. அதோடு, மற்றச் சாட்சி சொன்னதையெல்லாம் மன்றுக்குள் இருந்தே கேட்டிருக்கிறாள். இந்த இரண்டையும் வைத்து எத்தனையோ சாட்சிகளை அவர் விறாந்தையோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்.

ஆட்சேபனை உண்டா என்று நீதிபதி அம்மா அவர் பக்கம் பார்த்தார். நப்ரீஸ் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். ஜெனிற்றா சட்டப் புத்தகத்தைத் திறக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு தகப்பனைப் பார்த்தாள்.

சவுந்தரநாயகம் எழும்பினார். கோட் விளிம்பைப் பிடிக்க மறந்துவிட்டார்.

“ஆட்சேபனை இல்லை, கனம் நீதிபதி அவர்களே.”

இந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டுப் பழக்கமில்லாத தட்டச்சுப் பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். நப்ரீஸ் மூடாத பேனையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். சட்டைப்பையில் ஒரு நீலப் பொட்டு விரிந்துகொண்டு போனது.

பிறிஜெற் வந்தாள். கணவனின் மேசையைத் தாண்டிப் போனபோது சேலைத் தலைப்பு அவர் கோப்பில் உரசியது. பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்தாள். முதலியார் பெயர் கேட்டார்.

“பிறிஜெற் சவுந்தரநாயகம்.”

யாரும் சிரிக்கவில்லை. வாங்கில் வந்து இருந்த மெற்றில்டா மட்டும், பெயரைக் கேட்டு, மெதுவாகத் தலையைத் திருப்பித் தவணைக்காரனைப் பார்த்தாள்.

“என் மனைவி,” என்றார் சவுந்தரநாயகம், யாரும் கேட்காமலே.

நீதிபதி அம்மா பேனையைக் கீழே வைத்தார். செபஸ்தியனை இருக்கச் சொல்லிவிட்டுத் தானே கேட்டார். கோயிலில் நடந்ததை நீங்கள் யாரிடமாவது சொன்னீர்களா?

பிறிஜெற் கூண்டின் கைப்பிடியைத் தடவினாள். மெற்றில்டாவைப் பார்த்தாள். பிறகு அவரை.

“ஒரு மனுசனிட்டச் சொன்னனான்,” என்றாள். “அவர் முழுக்கக் கேக்கேல்ல.”

முதலியார் அதை ஒரு சொல்லும் விடாமல் சிங்களமாக்கினார். ஆகவே சவுந்தரநாயகம் அதை இரண்டாம் தரமும் கேட்கவேண்டியதாயிற்று.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி இந்த வழக்கில் தொடர்வதா என்பதை அவரே யோசித்துச் சொல்லட்டும் என்று நீதிபதி அம்மா வழக்கை அடுத்த மாதத்துக்கு ஒத்திவைத்தார். தன் வாழ்க்கையில் முதல்தரம், கேட்காமலே சவுந்தரநாயகத்துக்கு ஒரு தவணை கிடைத்தது.

விறாந்தைக்கு வந்தபோது நப்ரீஸ் தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு தொலைபேசியில் கதைத்துக்கொண்டு நின்றார். சவுந்தரநாயகம் அவரிடம் போகவில்லை. தூணுக்குத் தூண் நீலச் சேலையைத் தேடினார். ஜெனிற்றா கோப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

“அம்மா எங்க?”

“மெற்றில்டா அன்ரியை ஓட்டோவில ஏத்திக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போட்டா.”

“பின்னேரம் எத்தனை மணிக்கு வருவாவாம்?”

ஜெனிற்றா கோப்புகளுக்கு அடியில் மூடியிருந்த கையை விரித்துக் காட்டினாள்.

“தன்ர வீட்டுச் சாவியை என்னட்டத் தந்திட்டுப் போனவ, அப்பா.”